நிலக்காட்சி ஓவியங்களில் குதிரைக் கோச்சுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் வருவதற்கு முன் ஐரோப்பாவில் நெடுந்தொலைவுப் பயணம் என்றால் பெரும்பாலும் குதிரைகள் இழுத்த கோச்சு வண்டிப் பயணம்தான். அந்தப் பயணத்தை நிலக்காட்சி ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள், எதைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பற்றி ஓவிய ஆர்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைப் பற்றிய விடைகள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். கோச்சுப் பயணத்தின் கடுமையையும் நிலத்தின் பிரம்மாண்டத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த தலைசிறந்த படங்கள் அந்த மலைப்பாதைகளில்தான் பிறந்தன என்பது எமது கருத்து.

எந்த வண்டியைக் கோச்சு என்று கொள்ள வேண்டும்? படத்தில் காணப்படும் எல்லாக் குதிரை வண்டிகளும் அதில் அடங்குமா?

அடங்கா. நான்கு சக்கரங்களும் கூரையிட்ட கூடும் கொண்டு, அந்தக் கூடு அச்சின்மேல் நேராக உட்காராமல் தோல் வார்களிலோ எஃகு வில்களிலோ (ஸ்பிரிங்) தொங்கும்படி அமைந்த பயணிகள் வண்டியே கோச்சு. ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த புகழ்பெற்ற ஆற்றுக் காட்சியில் நீருக்குள் நிற்பது பண்ணையின் வைக்கோல் வண்டி. அதைக் கோச்சுப் பயணத்தோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது. ஜான் பிரூகல் போன்ற பழைய ஃபிளெமிஷ் ஓவியர்களின் கிராமச் சாலைகளில் வரிசையாகச் செல்பவை பெரும்பாலும் துணிக்கூரை போட்ட பாரவண்டிகள். அவற்றில் ஆட்களும் சென்றார்கள் என்றாலும், சக்கரம் பள்ளத்தில் விழும்போது எழும் அதிர்வு முழுவதும் அப்படியே அவர்களின் முதுகெலும்பில் இறங்கியது.

படத்தின் காலத்தை ஊகிக்க இந்த அமைப்பு உதவும். 1804-ஐ ஒட்டி ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர் நீள்வட்ட எஃகு வில்லுக்கு உரிமம் பெற்றார். அத்தகைய வில் தெளிவாக வரையப்பட்டிருந்தால் அந்தப் படம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. முன்சக்கரம் சிறிதாகவும் பின்சக்கரம் பெரிதாகவும் இருப்பதை ஓவியரின் பிழை என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டி திரும்பும்போது முன்சக்கரம் கூட்டின் அடியில் நுழைய வேண்டும் என்பதற்காகவே அது சிறிதாகச் செய்யப்பட்டது.

17-ஆம் நூற்றாண்டு டச்சு நிலக்காட்சிகளில் கோச்சுகள் குறைவாக இருப்பது ஏன்?

அங்கே மக்கள் பெரிதும் நீர்வழியாகவே பயணம் செய்தார்கள். 1632-இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் இடையே, கரையில் நடக்கும் குதிரை இழுத்துச் செல்லும் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. பிறகு அந்தப் படகு வழிகள் நாடெங்கும் பரவின. சமதளமான நாட்டில் குலுங்காமல் நேரத்துக்குப் போய்ச் சேர வழி இருக்கும்போது கோச்சு ஏறுவதற்குப் பெரிய காரணம் இல்லை. சாலமன் வான் ருய்ஸ்டாலின் ஆற்றுக் காட்சிகளில் கோச்சு வரும்போதும் அது ஓடத்தில் ஏற்றப்பட்டு, மாடுகளோடும் மனிதர்களோடும் நெருக்கியடித்துக்கொண்டு மறுகரைக்குப் போவதைக் காணலாம்.

பரந்த மலைக்காட்சியில் இவ்வளவு சிறிய வண்டியை வரைவதால் என்ன பயன்?

மலைக்குத் தன்னளவில் அளவு கிடையாது. பாறையின் பக்கத்தில் நாம் அறிந்த அளவுள்ள ஒன்று நின்றால்தான் அந்தப் பாறை எவ்வளவு பெரியது என்பது கண்ணுக்குப் புரியும். ஆனால் இந்த விடை மட்டும் போதாது. அளவு காட்ட ஆடு மேய்ப்பவன் ஒருவன் போதும். வண்டி அதற்கு மேலும் ஒன்றைச் செய்கிறது. அது ஒரு திசையில் போகிறது, அதற்குச் சாலை வேண்டும், அந்தச் சாலையை யாரோ வெட்டியிருக்க வேண்டும். மேய்ப்பவன் அந்த மலையில் வாழ்பவன். வண்டிக்குள் இருப்பவரோ அதைக் கடந்தே தீர வேண்டியவர்.

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் 1843-இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்காக வரைந்த ஃபைடோ கணவாய் நீர்வண்ணப் படம் இதற்குச் சிறந்த சான்று. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலைப்பாதையில் தெசீனோ ஆறு பாறைகளைப் புரட்டிக்கொண்டு பாய்கிறது. படம் முழுவதும் கல்லும் நுரையும்தான். வலப்புறச் சாலையில், தேடினால் மட்டுமே அகப்படும் அளவில், ஒரு வண்டியும் அதன் குதிரைகளும் வருகின்றன. ரஸ்கின் 1845-இல் அதே இடத்துக்குச் சென்று பார்த்தபோது, டர்னர் மலைகளின் உயரத்தையும் இடத்தின் அமைப்பையும் பெரிதும் மாற்றியிருந்ததை அறிந்தார். அப்படி மாற்றியது சரியே என்று அவர் வாதாடினார். நாமும் அவர் பக்கமே நிற்கிறோம், ஏனெனில் பல மணி நேரம் அந்தப் பள்ளத்தாக்கில் குலுங்கி வந்த ஒருவரின் மனத்தில் மலை அந்த உயரத்தில்தான் நின்றிருக்கும்.

டர்னர் இத்தகைய பயணங்களைத் தாமே செய்தவரா, கேட்டறிந்து வரைந்தவரா?

தாமே செய்தவர். இரண்டு குளிர்காலப் பயணங்கள் அவருடைய படங்களாகவே மாறின. இரண்டைப் பற்றியும் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருப்பதால், நடந்ததையும் வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. நிலக்காட்சி ஓவிய வரலாற்றில் இது எளிதில் கிடைக்காத ஒன்று.

முதலாவது 1820 ஜனவரி 15 அன்று நடந்தது. இத்தாலியிலிருந்து திரும்பும் வழியில், நெப்போலியன் அமைத்த சாலையில் ஆல்ப்ஸ் மலையின் மோன் செனி கணவாயைக் கடக்கும்போது உச்சியிலேயே வண்டி கவிழ்ந்தது. கதவு பனியில் உறைந்து இறுகிப் போயிருந்ததால் டர்னரும் உடன் வந்தவரும் சன்னல் வழியாக வெளியேறினார்கள். வழிகாட்டியும் சாலைப் பணியாளரும் சண்டையிட்டுக்கொண்டார்கள். வண்டியோட்டியைச் சிறையில் அடைத்தார்கள். பயணிகள் முழங்கால் ஆழப் பனியில் லான்ஸ்லெபூர் வரை நடந்தே இறங்கினார்கள். சாலை எங்கே இருக்கிறது என்பதை அதன் வளைவுகளைக் கொண்டு மட்டுமே அறிய முடிந்தது என்கிறார் டர்னர். இன்று பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் உள்ள நீர்வண்ணப் படத்தில் இந்தக் குழப்பங்களில் ஒன்றுகூட இல்லை. மிரளும் குதிரைகள், சுழன்றடிக்கும் பனி, ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஆழம் என்று அபாயத்தின் ஒரே கணத்தைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார். சண்டையும் சிறையும் கடிதத்துக்கு உரியவை என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது 1829 ஜனவரியில் நடந்தது. இந்த முறை துன்பம் இத்தாலியின் ஃபொலிஞ்ஞோவிலேயே தொடங்கிவிட்டது. பனிக்கட்டி படிந்த சாலையில் வண்டி தன் எடையாலேயே நான்கு பக்கமும் வழுக்கியது. ஓரிடத்தில் அது பள்ளத்தில் இறங்கிவிட, மூன்று மைல் பின்னால் ஆளனுப்பி ஆறு மாடுகளைக் கொண்டுவந்து இழுத்தார்கள். அதற்கு மட்டும் நான்கு மணி நேரம் ஆயிற்று. மோன் செனியைச் சறுக்கு வண்டியில் கடந்தார்கள். பிறகு ஃபிரான்சில், லியோனை அடுத்த தாரார் மலையில், கோச்சு மீண்டும் பனிக்குவியலில் சாய்ந்தது. அதை நிமிர்த்தித் தோண்டி எடுக்கும்வரை பயணிகள் தீ மூட்டி மூன்று மணி நேரம் பனியிலேயே காத்திருந்தார்கள். அதே இரவில் அவர்கள் மறுபடியும் இறங்கி, உதவி தேடி முழங்கால் அளவு புதுப்பனியில் நடக்க வேண்டியிருந்தது.

அந்தத் தாரார் மலை இரவுதான் அதே ஆண்டு ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட படம். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது தீயின் ஒளி. பனியின் நீலக் குளிரும் விறகுத் தீயின் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் பயணிகள் குந்தியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் வண்டியை மீட்கும் வேலை நடக்கிறது. முன்னால் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் உயரத் தொப்பிக்காரர் டர்னரே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 53. ஓர் ஓவியர் தம்மைத் தீயருகே குளிரில் ஒடுங்கும் பலரில் ஒருவராக, முகம்கூடத் தெரியாமல் வரைந்துகொண்டிருக்கிறார் என்பது இந்தப் படத்தைப் பிற பயணப் படங்களினின்று வேறுபடுத்துகிறது.

சுவிஸ் புத்தகங்களில் எங்கும் காணப்படும் 'கோத்தார்டு அஞ்சல் வண்டி' படத்தை வரைந்தவர் யார்? அதற்கு ஏன் அவ்வளவு புகழ்?

சூரிக் நகரைச் சேர்ந்த ருடால்ஃப் கோல்லர் 1873-இல் அதை வரைந்தார். அவர் விலங்குகளை, குறிப்பாக மாடுகளை வரைவதில் பேர்பெற்றவர். படம் இன்று சூரிக் கலைக்கூடத்தில் உள்ளது. கணவாயின் தென்புறத்தில் பாம்பு போல் வளைந்து இறங்கும் திரெமோலா சாலையில், ஐந்து குதிரைகள் பூட்டிய அஞ்சல் கோச்சு நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. பின்சோடியாக இரண்டு குதிரைகள், அவற்றுக்கு முன்னால் மூன்று. புழுதி எழுகிறது, சாலையில் போய்க்கொண்டிருந்த மாட்டு மந்தை கலைந்திருக்கிறது. மந்தையிலிருந்து பிரிந்த ஒரு கன்று, ஒதுங்கத் தெரியாமல், குதிரைகளின் குளம்புகளுக்கு முன்னால் சாலையின் நடுவிலேயே ஓடுகிறது.

அந்தக் கன்றுதான் படத்தின் உயிர். அதை மனத்தால் அகற்றிவிட்டுப் பாருங்கள்: வேகமாக வரும் ஒரு நல்ல வண்டி மட்டும் எஞ்சும். கன்று இருப்பதால், அடுத்த நொடியில் என்ன ஆகும் என்ற கேள்வியில் பார்ப்பவர் சிக்கிக்கொள்கிறார். வண்டியோட்டி லகானை இழுத்தாலும் இந்தச் சரிவில் ஐந்து குதிரைகளையும் பின்னால் தள்ளும் பாரத்தையும் உடனே நிறுத்த முடியாது. கன்று சரிவில் இறங்கவும் துணியவில்லை. மாடுகளோடு வாழ்ந்த ஒருவருக்கு மட்டுமே தெரியக்கூடிய மிரட்சி அது. கன்று முன்னால் ஓடினால் தப்பிவிடலாம் என்றே நினைக்கும். பக்கவாட்டில் திரும்ப அதற்குத் தோன்றாது.

படம் தோன்றிய சூழல் இதற்கு மேலும் கனம் சேர்க்கிறது. இதை வரையச் சொன்னது ஒரு ரயில் நிறுவனம். சுவிஸ் வடகிழக்கு ரயில் நிறுவனம், கோத்தார்டு ரயில் திட்டத்தின் முதன்மை மனிதரான ஆல்ஃபிரட் எஷருக்குப் பரிசளிப்பதற்காக இதைக் கோல்லரிடம் கேட்டது. அப்போது அதே மலைக்கு அடியில், 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையைக் குடையும் வேலை 1872-இலேயே தொடங்கியிருந்தது. 1882-இல் அதில் ரயில் ஓடத் தொடங்கியதும் அஞ்சல் கோச்சு கணவாயில் தன் பழைய இடத்தை இழந்தது. ஆகவே, கோச்சை இல்லாமல் ஆக்கப்போகிறவருக்கே கோச்சின் படம் பரிசாகச் சென்றது. இதனால் பலர் கன்றைப் பழைய கிராம வாழ்வாகவும் கோச்சை முன்னேற்றமாகவும் படிக்கிறார்கள். அந்த வாசிப்புக்கு இடம் உண்டு. ஆனால் கோச்சும் விரட்டப்படும் ஒன்றுதான் என்பதையும், அதை விரட்டுவது சட்டத்துக்குள் தெரியவே இல்லை என்பதையும் சேர்த்துப் படிப்பதே முழுமையாகும்.

உண்மையில் கோச்சுகள் அந்தச் சரிவில் அப்படிப் பாய்ந்து இறங்கினவா?

வேகமாக இறங்கியது உண்மை. இவ்வளவு வேகம் ஓவியரின் தேர்வு என்றே கருதுகிறோம். செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரத்தின் அடியில் சங்கிலியில் கட்டிய இரும்புச் சறுக்குக் கட்டையைக் கொடுத்து, அந்தச் சக்கரம் சுழலாமல் இழுபடும்படி செய்வது அக்கால வழக்கம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கும் மேல் உள்ள பாதையில் முன்னங்குதிரைகள் மூன்றும் ஒருசேரத் திரும்ப இடம் வேண்டும். அதற்கு ஓட்டியின் கை அனுபவத்தோடு நிதானமும் தேவைப்பட்டது. கோல்லர் நாள்முழுதும் நீளும் பயணத்தின் அச்சத்தை ஒரே வளைவில் திரட்டிக் காட்டினார்.

இங்கிலாந்தின் கோச்சுப் படங்கள் இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகின்றன?

அங்கே வண்டிதான் தலைவன், நிலம் அதற்குப் பின்னணி. ஜேம்ஸ் பொல்லார்ட் (1792–1867) இந்தத் துறையின் முதன்மைப் பெயர். செதுக்குக் கலைஞரான தந்தையிடம் வளர்ந்தவர் என்பதால் அவருடைய கோடுகள் துல்லியமானவை. அவருடைய படங்கள் வண்ண அச்சுகளாகப் பரவின. சேணத்தின் வார், கதவில் தீட்டிய அரச முத்திரை, காவலர் ஊதும் நீண்ட கொம்பு ஆகிய எல்லாம் சரியாக இருக்கும். வண்டிப் பிரியர்கள் வாங்கிய படங்கள் அவை. தவறு இருந்தால் அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தத் துல்லியத்துக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. 1784 ஆகஸ்ட் 2 அன்று ஜான் பாமரின் ஏற்பாட்டில் பிரிஸ்டலிலிருந்து பாத் வழியாக லண்டனுக்கு முதல் அஞ்சல் கோச்சு புறப்பட்டு, ஏறத்தாழ 16 மணி நேரத்தில் சேர்ந்தது. ஏறக்குறைய பத்து மைலுக்கு ஒருமுறை குதிரைகள் மாற்றப்பட்டன. கொம்பொலி கேட்டவுடன் சுங்கச்சாவடிக் கதவு திறக்க வேண்டும். அஞ்சல் கோச்சு சுங்கம் செலுத்தாது. வண்டியில் அஞ்சல் துறையின் ஊழியர் காவலர் ஒருவரே. துப்பாக்கியும், முத்திரையிட்ட கடிகாரமும் அவர் பொறுப்பு. வண்டி முடங்கினால் அஞ்சல் பைகளை ஒரு குதிரையில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னே போயாக வேண்டும், பயணிகள் அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். 1836 டிசம்பரின் கடும்பனியில் சிக்கிய அஞ்சல் வண்டிகளைப் பொல்லார்ட் வரைந்த படங்கள் இந்த ஒழுங்கு குலைந்த வேளையைக் காட்டுகின்றன. எம் பார்வையில் அவருடைய சீரான நெடுஞ்சாலைப் படங்களைவிட அவையே நிலக்காட்சிக்கு நெருக்கமானவை.

பழைய படங்களில் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னுமாக நீட்டி, தரையைத் தொடாமல் இருப்பது ஏன்?

அது நெடுங்காலமாக வழங்கிய ஓவிய மரபு. 1821-இல் ஜெரிகோ வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகளும் அப்படித்தான் பறக்கின்றன. 1878-இல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் எடுத்த தொடர் ஒளிப்படங்கள், நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மை என்றும், ஆனால் அந்த வேளையில் அவை நீளாமல் வயிற்றின் அடியில் மடங்கியிருக்கின்றன என்றும் காட்டின. கோச்சுப் படங்கள் பெரும்பாலும் அதற்கு முற்பட்டவை. மேலும் கோச்சுக் குதிரைகள் வழக்கமாகப் பெருநடையிலேயே போயின, நாற்காற் பாய்ச்சலில் அல்ல.

வண்டியின் எந்தப் பகுதியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் படத்தைக் கொண்டு அறியலாமா?

அறியலாம். ஆங்கிலக் கோச்சில் உள்ளே நால்வர், கூரைமேல் மற்றவர்கள். மேலே இருப்பவர்கள் கொடுத்த கட்டணம் உள்ளே இருப்பவர்களின் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி. மழையும் பனியும் அவர்களுக்கே, ஆனால் முழு நிலக்காட்சியும் அவர்களுக்கே. ஃபிரான்சின் பெரிய 'தீலிழான்ஸ்' வண்டியில் முன்னறை, நடு அறை, பின்னறை என மூன்று பிரிவுகளும் கூரைமேல் இருக்கையும் உண்டு. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு படத்தில் கூரைமேல் கூனிக் குறுகி அமர்ந்திருப்பவர்களைக் கண்டால், அவர்கள் காசைச் சேமித்து உடம்பால் விலை கொடுத்தவர்கள் என்று கொள்ளலாம்.

வழிப்பறியை நிலக்காட்சி ஓவியர்கள் வரைந்தார்களா?

வரைந்தார்கள். கோயா 1786–87-இல் ஓசுனா பிரபு குடும்பத்தின் நாட்டுப்புற மாளிகைக்காக வரைந்த தொகுப்பில் கோச்சு மறிப்புக் காட்சி ஒன்று உண்டு. கொலையுண்டவர்கள் தரையில் கிடக்க, ஒருவர் மன்றாடுகிறார். மேலே தெளிந்த நீல வானமும் மரங்களும் எதுவும் நடவாதது போல் இருக்கின்றன. அந்த அழகான வானமே படத்தைத் தாங்கிக்கொள்ள முடியாததாக ஆக்குகிறது.

ரயில் வந்த பிறகு ஓவியர்கள் கோச்சைக் கைவிட்டார்களா?

இல்லை, ஆனால் கோச்சு நின்றுவிட்டது. லண்டனிலிருந்து புறப்பட்ட அஞ்சல் கோச்சுகளில் கடைசியானது 1846-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கோச்சுகளில் அடிபட்டு வளர்ந்த டர்னர், மழைக்குள் பாலத்தின்மேல் விரையும் ரயிலை வரைந்துவிட்டார். 1888 அக்டோபரில் வான் கோ வரைந்த தாராஸ்கோன் கோச்சுகள் குதிரை பூட்டப்படாமல், வெயிலில் ஒரு முற்றத்தில் நிற்கின்றன. சிவப்பும் பச்சையும் தடித்த பூச்சாக ஒளிர, சக்கரங்கள் அசைவற்றிருக்கின்றன. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் ஜான்சன் 1871-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய படத்தில் புல்வெளியில் கைவிடப்பட்ட கோச்சுக்குச் சக்கரங்களே இல்லை. சிறுவர்கள் அதன்மேல் ஏறி, சிலர் குதிரைகளாகவும் சிலர் பயணிகளாகவும் விளையாடுகிறார்கள். அது மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்தப் படத்தில் தொடங்கலாம்? எப்படிப் பார்க்கலாம்?

கோல்லரின் படத்தில் தொடங்கி, உடனே டர்னரின் தாரார் மலைப் படத்துக்குச் செல்வது நல்லது. ஒன்று முழு ஓட்டம், மற்றது முழு நிறுத்தம். நீர்வண்ணப் படங்கள் ஒளிபட்டால் மங்கும் என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றை எப்போதும் காட்சியில் வைப்பதில்லை. நேரில் செல்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் பார்ப்பவர்கள் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது சிறந்தது. வண்டியை முதலில் பார்க்காதீர்கள். சாலையைப் பாருங்கள்: அது சேறா, புழுதியா, பனியா, சக்கரத் தடம் எவ்வளவு ஆழம், ஓரத்தில் தடுப்புக்கல் உண்டா, வண்டி வந்த வழி பின்னால் எவ்வளவு தொலைவுக்குத் தெரிகிறது. அதன் பிறகு குதிரைகளின் கழுத்தையும், கடைசியாக வண்டிக்குள் இருப்பவர்களையும் பார்த்தால், ஓவியர் அந்தச் சாலையில் தாமே பயணம் செய்தவரா, விடுதி வாசலில் நின்று பார்த்தவரா என்பதைப் பல வேளைகளில் நீங்களே சொல்லிவிட முடியும்.